பின் ஷாக்கில் இருந்த அப்பா

காலையில் முட்டைத் தட்டுகளை இறக்கும்போதே பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார்: "சாயங்காலமும் ஒடைஞ்ச முட்டை வந்துச்சுன்னா, நாளையிலேருந்து வேற ஆளப் பாத்துக்கறேம்மா."

அக்காளுக்கு அந்த ஒரு பேக்கரிதான் பிழைப்பு. முட்டைகளை உடைத்தது அவளல்லள். மோட்டார் சைக்கிளின் பின் ஷாக் அப்சார்பர். பள்ளத்தில் இறங்கினால் வண்டி எழும்பும்; எழும்பினால் அடங்காது. ஆகவே, மாலைக்கு உரிய தட்டுகளோடு நேரே பட்டறைக்கு வந்தாள். வண்டியில் சரிபாதி உரிமையுள்ள தம்பியும் உடன் வந்தான். அவன் வந்திருக்க வேண்டியதில்லை.

மெக்கானிக் முறை தவறாதவர். ஷாக்கைக் கழற்றித் துடைத்தார், மேசையில் பொருத்திய இடுக்கியில் இறுக்கினார், வால்வின் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றாமல் ஷாக்கைத் திறந்தால் அதன் உறுப்புகள் தோட்டாவாகப் பாயும். எனவே, வால்வின் ஊசியை அழுத்த விரலை நீட்டினார். தம்பி அந்த வால்வைத் தன் கட்டைவிரலால் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, தொடாதீங்க. உள்ள எங்க அப்பா இருக்காரு."

மெக்கானிக் ஷாக்கைப் பார்த்தார். பிறகு அக்காளைப் பார்த்தார்.

"அப்பா போன வருஷம் தவறிட்டாருண்ணே," என்றாள் அவள். "கடைசியா இதுக்குக் காத்து அடிச்சது அவருதான். கைப்பம்புல."

"மூச்சு வாங்க வாங்க அடிச்சாரு," என்றான் தம்பி. "அவரு ஒழைப்பு அப்படியே உள்ள இருக்கு."

"சீல் போயிருக்கே தம்பி. பாதிக்கு மேல கெளம்பியிருப்பாரு."

அழுத்தமானியைப் பொருத்தினார். முள் யோசித்துவிட்டுச் சற்றே நகர்ந்தது. தம்பியின் முகம் சிவந்தது.

"பாத்தியாக்கா? அப்பாவ முட்டைக்குச் செலவழிச்சிருக்க!"

"நீ மட்டும் வண்டியத் தோள்ல தூக்கிட்டா போன?"

மெக்கானிக் வாதத்தில் இறங்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு பலூன் வாங்கிவரச் சொன்னார். தம்பி மஞ்சள் பலூன் வாங்கி வந்தான். சிவப்பு அப்பாவுக்குப் பிடிக்காதாம். பலூனின் வாயை வால்வில் மாட்டி ஊசியை அழுத்தியதும், அப்பா எலுமிச்சம்பழ அளவுக்குத் திரண்டார். தம்பி முடிச்சிட்டு முகர்ந்து பார்த்தான்.

"அப்பா வாசனை!"

"அது ஆயில் வாசனை," என்றார் மெக்கானிக்.

அதன்பின் வேலை ஒழுங்காக நடந்தது. கறுத்த ஆயில் வடிந்தது. புதிய சீல் அமர்ந்தது. புதிய ஆயிலை ஊற்றி, குமிழிகள் அடங்கும்வரை தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்து, மூடி முறுக்கினார். நைட்ரஜன் சிலிண்டரின் குழாயை அவர் இழுத்தபோது தம்பி பலூனை நீட்டினான்.

"மொதல்ல அப்பாவ உள்ள விடுங்க."

"முடியாது தம்பி. சாதாரணக் காத்துல ஈரம் இருக்கும். சூடானா அழுத்தம் தாறுமாறா ஏறும். மறுபடியும் முட்டை ஒடையும்."

"எங்க அப்பா சாதாரணக் காத்தா?"

"ஈரக் காத்து."

"அப்படின்னா வண்டில என் பாதியப் பிரிச்சுக் குடுங்க. பின்பாதி என்னோடது."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். "சீட்டு எந்தப் பாதில வருது?"

இக்கேள்வியை இருவரும் எதிர்பார்க்கவில்லை. சீட்டுக்காக வாக்குவாதம் மூண்டது. பெட்ரோல் டேங்க்கிற்கும் பரவியது. பெஞ்சின்மேல் இருந்த தட்டுகளைக் கண்டதும் அக்காள் குரலைத் தணித்தாள்.

"டேய், அப்பா உள்ள போக வேணாம். மேல உக்காந்து வரட்டும். நீ புடிச்சுக்கோ. தட்டுக்கும் ஒரு கை வேணும்."

தம்பி ஆலோசித்தான். அப்பாவுக்கு இது மரியாதைக் குறைவாக அவனுக்குத் தோன்றவில்லை.

நைட்ரஜன் ஏறியது, வண்டி புறப்பட்டது. தம்பி பின்னால் அமர்ந்து, மடியிலிருந்த தட்டுகளை ஒரு கையாலும் அப்பாவை மறு கையாலும் பிடித்திருந்தான். வேகத்தடை வந்தது. ஷாக் தன் கடமையைச் செய்தது: வண்டி ஒருமுறை தாழ்ந்தது, ஒருமுறை எழுந்தது, அடங்கியது. ஆனால், ஒற்றைக் கையை நம்பி இருந்த தட்டுகள் வலப்புறம் சரிந்தன. தம்பி மறு கையைத் திறந்து தட்டுகளைத் தாங்கினான்.

"அக்கா!"

"ஒடைஞ்சிருச்சா?"

"இல்ல. அப்பா எறங்கிட்டாரு."

"எங்க?"

"பழக்கடைகிட்ட."

"வெல கேக்காம அந்தக் கடைய அவரு தாண்டினதே இல்ல. நீ தட்டப் புடி."

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

பேக்கரிக்காரர் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தார். விரிசல்கூட இல்லை. "நாளைக்கும் கொண்டாம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்காள் திரும்பினாள். தம்பி அதற்குள் வந்த வழியே பழக்கடையை நோக்கி நடந்துகொண்டிருந்தான். வண்டியைத் திருப்பி, அவன் அருகில் நிறுத்தினாள்.

"ஏறுடா. நீ நடந்து போறதுக்குள்ள அவரு வீட்டுக்கே போயிருப்பாரு."