குப்பம்மாளின் பத்தியம்

மலைமேல் இருந்த தொழுநோய் இல்லத்தில் குப்பம்மாளுக்கும் முத்தம்மாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். குப்பம்மாள் மலைக்காரி. விரல்கள் எல்லாம் நோயில் போய்விட்டன. படவேட்டிலிருந்து வந்த முத்தம்மாளுக்குப் பாதம்தான் போயிற்று; கை நன்றாக இருந்தது. அதனால் வேளாவேளைக்குக் குப்பம்மாளுக்கு ஊட்டிவிடுவது அவள்தான். இருவரையும் பார்க்க யாரும் வருவதில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் மட்டும் குப்பம்மாளின் முகம் தெளியும்.

எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் குப்பம்மாளின் உள்ளங்காலில் வந்த புண் ஆறவே இல்லை. சோதித்துப் பார்த்ததில் சர்க்கரை வியாதி என்றார்கள். டாக்டர் அரிசி, சாமை, கிழங்கு, வெல்லம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கோதுமைக்கு மாற்றினார். காலையில் கோதுமைக் கஞ்சி, மதியம் கோதுமைச் சோறு, ராத்திரி சப்பாத்தி.

"இது இன்னா சோறா? பசை மாதிரி கீது" என்று முதல் நாளே துப்பினாள் குப்பம்மாள்.

"காலு ஆறணும்ல அக்கா. கண்ண மூடிக்கினு முழுங்கு."

சில வாரம் முழுங்கினாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. மற்றவர்கள் சோறும் புளிக்குழம்புமாகச் சாப்பிடுகிற நேரத்தில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிவதை முத்தம்மாளால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. தன் தட்டிலிருந்து ஒரு கவளம் பிசைந்து ஊட்டினாள். மறுநாளும் ஊட்டினாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. நர்ஸ் பூங்கோதை வருகிற சத்தம் கேட்டால் கோதுமைக் கிண்ணத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொள்வாள்.

குப்பம்மாள் மறுபடி பேசினாள், சிரித்தாள். புண் எலும்பு வரைக்கும் போயிற்று. காலில் உணர்ச்சி இல்லாததால் அவளுக்கு வலி தெரியவில்லை. நாற்றம்தான் முதலில் தெரிந்தது.

"பத்தியம் சரியா இருந்துமா சர்க்கரை இவ்ளோ ஏறுது?" என்று பூங்கோதை கேட்டாள். முத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். குப்பம்மாள்தான், "நாந்தாம்மா திருடித் துன்னேன்" என்றாள்.

விரலில்லாத கையை நர்ஸ் பார்த்தாள். கோதுமைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜீப்பில் வேலூருக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வந்த அன்றே குப்பம்மாள் கேட்டாள்: "ஒரு வாய் சோறு குடு முத்து."

"மாட்டேங்க்கா. ஒரு கால வாரிக் குடுத்தது போதும்."

"இனிமே எங்க நடக்கப் போறேன்? குடு."

"மாட்டேன்."

அதன்பிறகு குப்பம்மாள் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கும் இல்லை, பேச்சுக்கும் இல்லை. முத்தம்மாள் கஞ்சிக் கரண்டியை உதட்டில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அதை இரண்டு மொட்டைக் கைக்கும் நடுவில் இடுக்கி இழுத்துப் போட்டாள். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். காய்ச்சல் வந்து நிற்காமல் போகவே டாக்டர் கட்டை அவிழ்க்கச் சொன்னார். "ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றார்.

முத்தம்மாள் சமையற்கட்டுக்குத் தவழ்ந்து போய், சாமை வாங்கித் தானே வேகவைத்து, வெல்லம் போட்டுக் கொண்டுவந்தாள்.

குப்பம்மாள் அவளையே பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு பேசினாள்.

"இப்போ குடுக்கறியே. சாவப் போறேன்னு சொல்ட்டாங்களா?"

முத்தம்மாளுக்குப் பொய் வரவில்லை. "ஆமாக்கா."

குப்பம்மாள் வாயைத் திறந்தாள். கொஞ்சம் உள்ளே போயிற்று. மீதி கடைவாயில் வழிந்தது. மறுநாள் விடிந்ததும் இறந்துபோனாள்.

மாசி மாதத்தில் அந்தக் கட்டிலுக்குக் கை முடங்கிய வேறொருத்தி வந்தாள். அவளுக்கு ஊட்டிவிடும்படி பூங்கோதை கேட்டாள். முத்தம்மாள் முடியாது என்றாள். ஏன் என்றதற்கு, கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தட்டை முன்னால் தள்ளிக்கொண்டே வராந்தாவுக்குத் தவழ்ந்து போனாள்.