ஒருங்கிணைப்பாளர் இயலாத நிலையில்

இரண்டாவது முறை மணி அடித்தபோது அவன் அக்காவின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தான். முதல் மணிக்கே எழுந்திருக்கவில்லை. வந்தவர் அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார் என்று நினைத்தான்.

"யாரு?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலேயே.

"யாருமில்ல. கூரியர்."

"கூரியர்காரன் ரெண்டு தடவ அடிக்க மாட்டான். போய்க் கதவத் தொற."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு அரை நிமிடம் பிடித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. காலையில் வந்த நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு. மிஞ்சிப் போனா நாளைக்கு. அவங்கள யாரும் பேச வைக்காம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இப்போது மணி பதினொன்று.

கதவைத் திறந்தான். அக்காவின் கூட்டமைப்புக்காரர்கள் இரண்டு பேர். ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள், ஆனால் சேர்ந்து வரவில்லை. இன்ஜினியர் படியேறி நின்றிருந்தார். டீச்சர் கேட்டருகிலேயே, தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒற்றைத் தாள்.

அவனுக்கு எரிச்சல் வந்தது. பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பதைவிடக் கூட்டமைப்பு பெரிதாக இருந்தது. கூரையில் சூரியத் தகடு போடுகிறவர்கள், ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள், பறவை எண்ணுகிறவர்கள், அனல் மின்நிலையத்தின் சாம்பலுக்கு எதிராக வழக்குப் போட்டவர்கள் என்று பதினேழு சங்கங்கள். இத்தனை பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தவள் அக்கா. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை பார்த்தவள், மாலையில் இந்த வேலை பார்த்தாள். அவனுடைய கல்யாண போட்டோவில் அவள் இல்லை. சதுப்பில் யாரோ மண் கொட்டுகிறார்கள் என்று போன் வந்து, குடும்பமாக நிற்கும்போது பாதியில் கிளம்பிவிட்டாள். போட்டோவில் அவள் நாற்காலி மட்டும் இருக்கிறது.

"அண்ணே, ஒரே ஒரு கையெழுத்து" என்றார் இன்ஜினியர். "மூணு மணிக்குக் காத்தாலைத் திட்ட விசாரணை. ஒரு மணிக்குள்ள எங்க கடிதம் போய்ச் சேரணும்."

"யாரும் உள்ள போகக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்கு."

"நாங்க போகல. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க." தன் உறையை நீட்டினார். டீச்சரும் படியேறி வந்து தன்னுடையதை நீட்டினார்.

"ரெண்டா?"

"அவருது பதினோரு கோபுரமும் வரட்டும்னு சொல்லுது" என்றார் டீச்சர். "என்னுது எட்டு போதும்னு சொல்லுது. ஏரி மேட்டுல மூணு கோபுரம் பறவைங்க போற வழியிலேயே நிக்கும் தம்பி. இருபது வருஷம் எண்ணியிருக்கேன். அதுங்க காத்தாடி இறக்கையில அடிபட்டு விழறதுக்கு நானே சம்மதம் எழுதித் தர முடியாது."

"எட்டுன்னா கம்பெனி மூட்டை கட்டிட்டுப் போயிடும்" என்றார் இன்ஜினியர், அவனைப் பார்த்தே. டீச்சரைப் பார்க்கவில்லை. "காத்தாலை வரலேன்னா அனல் மின்நிலையத்துக்கு இன்னும் பத்து வருஷம் நீட்டிப்பு. அந்தச் சாம்பல் பறவைக்கு மட்டும் நல்லதா?"

"அக்கா போடலேன்னா?"

"விதியில ஒரு வழி இருக்கு. ஒருங்கிணைப்பாளர் இயலாத நிலையில் செயலாளர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கையொப்பமிடலாம்னு." இன்ஜினியர் சிரிக்கப் பார்த்தார். "நாங்க ரெண்டு பேர்தான் செயலாளர்கள். எங்க போட?"

அவர்களை முன்னறையில் உட்கார வைத்தான். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

உள்ளே போய் இரண்டு கடிதத்தையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினான். இருபத்துநாலு வருஷமாக பஸ் ஓட்டுகிறவன். இந்த மாதிரி வாசகங்கள் அவன் வாயில் நுழையவில்லை. 'புலம்பெயர் வழித்தடம்' என்ற இடத்தில் இரண்டு முறை தடுக்கினான். அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ரெண்டு பேரும்."

"எதுல போடற?"

"எதுலயும் இல்ல."

"அக்கா, அவங்க வெளிய உக்காந்திருக்காங்க."

"உக்காரட்டும்." மூச்சு வாங்கினாள். "ஒண்ணா எழுதிட்டு வரச் சொல்லு. ஒரே தாளு."

"இந்த நேரத்துலயுமா உனக்கு?"

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். சின்ன வயதில், கணக்குப் போட மாட்டேன் என்று அவன் சிலேட்டைத் தள்ளிவிடும்போது பார்த்த அதே பார்வை. அவன் எழுந்து போய்ச் சொன்னான்.

"ஒண்ணா எழுதணுமாம். ஒரே தாள்ல."

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவன் உள்ளே திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். முன்னறைச் சுவரில் அக்கா கைப்பட வரைந்த மேட்டின் வரைபடம் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் போய் நிற்கிறார்கள் என்று குரல் வந்த திசையிலிருந்து தெரிந்தது.

"இந்த ஒம்போதாவது, நேரா ஏரி வாய்க்கு மேல நிக்குது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். காத்து அங்கதான் இருக்கு. நான் என்ன பண்ண, காத்தையா நகர்த்த முடியும்?"

"கோபுரத்த நகர்த்தலாமே."

"எங்க? உங்க மடியிலயா?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அக்காவின் கை அவன் கைக்குள் இருந்தது. விரல் நுனிகள் குளிர்ந்திருந்தன. அவள் மூச்சு மேலே ஏறி, நின்று, யோசித்து இறங்குவதுபோல் இருந்தது. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"எத்தன வாரம் வருதுங்க?" இன்ஜினியரின் குரல்.

"போறப்ப அஞ்சு வாரம். திரும்பறப்ப நாலு."

"நாள் பூராவுமா பறக்குதுங்க?"

"இல்ல. வெயில் ஏறுற வரைக்கும். அப்புறம் சாயந்தரம் கொஞ்சம்."

அக்காவின் மூச்சு இறங்கியது. அவன் அடுத்ததற்குக் காத்திருந்தான். வரவில்லை. இப்படிக் காலையிலிருந்து நாலைந்து முறை பயமுறுத்தியிருந்தாள் என்பதால் இன்னும் காத்திருந்தான். அவள் மூக்கிலிருந்த குழாயில் காற்று சீறிக்கொண்டிருந்தது. மேஜைக் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது. குனிந்து அவள் நெஞ்சில் காது வைத்தான். இயந்திரத்தின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

இயந்திரத்தை நிறுத்தக் கை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. சத்தம் நின்றால் வெளியே தெரிந்துவிடும்.

தெரியட்டும், என்ன போச்சு என்று எழுந்தான். கதவைத் திறந்து, போங்கடா இரண்டு பேரும், அவளை விட்டுவிட்டுப் போங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"சரி" என்றது டீச்சரின் குரல் வெளியே. "அந்த ஒம்பது வாரமும் ரெண்டு கோபுரத்த அந்த நேரத்துக்கு நிறுத்தி வைப்பாங்கன்னா, நான் மூணையும் எடுக்கச் சொல்லல. ஆனா ஒம்போதாவது நகரணும்."

"இருங்க, எழுதிக்கறேன்."

முன்னறையிலிருந்த அக்காவின் கணினியில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அவன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, அக்காவின் கையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டான். போர்வையின் நுனியை வாயில் திணித்துக்கொண்டான். வாய்விட்டு அழவும் உரிமையில்லாத வீடாகிவிட்டது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவு தட்டப்பட்டது. அவன் எழுந்து உள்பக்கமாகக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி." இன்ஜினியர். "ஒம்போதாவது கோபுரத்த மேற்கால நகர்த்துனா பழைய கல்குவாரி ஓரம் வருது. அக்காதான அந்த இடத்த அளந்தாங்க? தரை தாங்குமான்னு கேளுங்களேன்."

அவன் கட்டிலைப் பார்த்தான்.

"அவ பேசல" என்றான்.

"கேட்டாவது பாருங்க."

"பேசல. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

வெளியே ஒரு பெருமூச்சு. "கோவமா இருக்காங்க" என்று இன்ஜினியர் டீச்சரிடம் சொல்வது கேட்டது. "நம்ம மேல கோவம் வந்தா வாயே திறக்க மாட்டாங்க. போன வருஷம் ஒரு கூட்டம் முழுக்க அப்படித்தான உக்காந்திருந்தாங்க."

"தரை தாங்கும்" என்றார் டீச்சர். "வரைபடத்துல ஓரமா குறிச்சிருக்கா பாருங்க, பாறைன்னு. அவ எழுத்துதான்."

பிறகு குரல்கள் தணிந்தன. ஒரு வார்த்தையைப் பற்றிச் சண்டை வந்தது. 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதா, 'வலியுறுத்துகிறோம்' என்பதா என்று. இன்ஜினியர்தான் வலியுறுத்தலாம் என்றார். ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது மூலையிலிருந்த பிரின்டர் இரைந்தது. மறுபடி கதவு தட்டினார்கள்.

இந்த முறை அவன் கதவைக் கொஞ்சம் திறந்து, வெளியே வந்து, பின்னால் சாத்திக்கொண்டான்.

"ஒரே தாள்" என்றார் இன்ஜினியர். முகம் வேர்த்திருந்தது. "அவங்க கேட்ட மாதிரி. இப்பவாவது போடுவாங்கல்ல? அவங்க பேரு இருந்தா அதிகாரி ரெண்டு தடவ படிப்பாரு அண்ணே."

"நீங்க ரெண்டு பேரும் போடுங்க."

"அவங்க இயலாம இருந்தாத்தான் நாங்க போடலாம். அதுதான் விதி. படுத்திருந்தாலும், இருக்காங்கல்ல."

அவன் தரையில் பிரின்டரின் வயர் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் நின்றது. இன்ஜினியர் விசாரணையில் போய்ப் பேச வேண்டியவர். இப்போது சொன்னால் இந்த நாற்காலியிலேயே உடைந்து உட்கார்ந்துவிடுவார். அக்கா என்றால் அவருக்கு அப்படி.

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தார். பார்வை அவன் கன்னத்துக்கும், சாத்திய கதவுக்கும் போய் மறுபடி கன்னத்துக்கு வந்தது. கண்ணீரைத் துடைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. அவர் கண்கள் ஒரு கணம் மூடித் திறந்தன.

"பேனா குடுங்க" என்றார் இன்ஜினியரிடம்.

"டீச்சர், விதி..."

"விதிய எழுதுறப்ப நானும் இருந்தேன். குடுங்க."

கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக விழுந்தது. தாளை அவர் பக்கம் தள்ளினார். இன்ஜினியர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் போட்டார். போனில் படமெடுத்து அனுப்பினார். பன்னிரண்டு ஐம்பத்துநாலு.

"வாங்க, என் வண்டியிலயே போயிடலாம்" என்றார் டீச்சரிடம். இரண்டு மாதமாக ஒருவர் வண்டியில் இன்னொருவர் ஏறியதில்லை.

படியிறங்கும்போது டீச்சர் அவன் முழங்கையைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார்.

வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகு அவன் உள்ளே போய் இயந்திரத்தை நிறுத்தினான். இத்தனை நாள் அந்த உறுமலுக்குள் இருந்த வீடு, திடீரென்று காது அடைத்ததுபோல் ஆனது. அக்காவின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினான். குழாய் பதிந்த தடம் கன்னத்தில் அப்படியே இருந்தது. அதைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தான். அப்போதுதான் சத்தமாக அழுதான்.

மனைவியையும் நர்ஸையும் போனில் கூப்பிட்டான். அவள் வேலையிலிருந்து கிளம்பி வருவதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். பரிசோதித்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு இருபது."

"ஒண்ணரைக்குத்தான் கூப்பிட்டீங்க?"

"ஆமா."

நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவன் சொன்ன நேரத்தையே எழுதினாள்.

ஐந்து மணிக்கு அக்காவின் போன் அடித்தது. இன்ஜினியர்.

"அண்ணே, அக்கா முழிச்சிருக்காங்களா? பேச வேணாம், காதுல வைங்க, நான் சொல்லிடறேன். ஒம்போதாவத நகர்த்தறேன்னு கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்டான். நிறுத்தி வைக்கறதப் பதிவு பண்ணிக்கிட்டாங்க. தீர்ப்பு அடுத்த மாசம்தான். ஆனா அதுவரைக்கும் அனல் நிலையத்துக்கு நீட்டிப்பு கிடையாதுன்னு அதிகாரி வாயாலயே சொல்லிட்டாரு. டீச்சர் பேசுன பேச்ச நீங்க கேட்டிருக்கணும். அக்காவே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

பின்னாலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"ஏன் டீச்சர்?"

"நிறுத்துங்க."

சக்கரங்கள் மண்ணில் இறங்கும் சத்தம். எஞ்சின் அணைந்தது. "இப்பச் சொல்லுங்க தம்பி" என்றார் டீச்சர்.

"அக்கா போயிட்டா" என்றான் அவன். "மத்தியானமே."

அந்தப் பக்கம், வண்டிக்குள்ளே டிக், டிக், டிக் என்று ஒரே சீராக ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓரம் கட்டும்போது போட்ட இண்டிகேட்டர். அணைக்க மறந்திருக்கிறார். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.