மணல் மூட்டைக்குப் பதிலாக

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம், என் குரல் இப்போதெல்லாம் தூரம் போவதில்லை, ஒரு கதை சொல்கிறேன், முடியும்வரை நான் அசையக் கூடாது, நீங்களும் அசையாதீர்கள், ஏனென்றால் என் காலடியில் இரும்புத் தகட்டில் நெல்லிக்காய் அளவு ஓர் ஓட்டை, அந்த ஓட்டைக்குள் ஒரு கண், என் வீட்டுக்காரர் அர்த்தனாரியின் கண், இமைக்காமல் மேலே பார்க்கிறது, நானோ ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் குத்தவைத்து உட்கார்ந்து சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கிறேன், அடியில் அவர் மல்லாந்து படுத்திருக்கிறார், எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு முழம் காற்று, அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில் இருந்தது எங்கள் பட்டறை, லாரிகளுக்குப் பாடி கட்டுகிற பட்டறை, ஆனால் அந்த வண்டி லாரி இல்லை, வெள்ளைக்காரன் காலத்துப் பிக்கப், முன்கண்ணாடி நடுவில் பிளந்து, மட்கார்டு யானைக் காதாக வளைந்து, ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர் ஒருவருடையது, அவருடைய அப்பா ஓட்டியதாம், அடிச்சட்டம் முழுக்கத் துரு, விரலால் குத்தினால் உதிர்கிறது, மேலே எல்லாம் எங்கப்பா தொட்டபடியே இருக்கட்டும், அடியை மட்டும் மாத்திக் குடுங்க என்றார், அவர் குரல் கொஞ்சம் உடைந்ததில் என் வீட்டுக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. ஏலத்தில் எடுத்த புது ஜீப் அடிச்சட்டம், சேசிஸ் என்பார்கள், ஒன்றை அரையடி நீட்டி வெல்டு வைத்தார், முன்கூண்டையும் பின்தொட்டியையும் இரண்டு சட்டங்களால் சேர்த்துக் கட்டி ஒரே தூக்காகத் தூக்கினார், தனித்தனியா ஏத்துனா கோடு கோணிக்கும் புள்ள என்றார். தூக்கியதும் முன்பக்கம் கனத்துத் தலை கவிழ்ந்தது. பின்னால் ஒரு மணல் மூட்டை வைத்தார்கள், போதவில்லை, இரண்டு வைத்தார்கள், வால் இறங்கிவிட்டது, அப்போதுதான் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஏறு புள்ள, மூட்டைக்குக் காது கெடையாது, நீன்னா, ஒரு இஞ்சு தள்ளுன்னா ஒரு இஞ்சு தள்ளுவே. ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க என்றேன். உனக்கு எதுக்குத்தான் பயமில்ல, சாம்பார் கொதிச்சாலே ரெண்டடி தள்ளி நிப்பே என்றார், சங்கிலி பிடித்திருந்த எங்கள் பட்டறை ஆள் ராயப்பண்ணன் கெக்கெக்கே என்று சிரித்தார்.

பயந்தவள்தான், மறைக்க என்ன இருக்கிறது. அன்று காலையில் மட்டும் இரண்டு தடவை வேலையை நிறுத்தியிருந்தேன், பல்லி சத்தமிட்டது என்று ஒருமுறை, தலை சுற்றுகிறது என்று ஒருமுறை, இரண்டு தடவையும் அவர் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, ஒன்றுமில்லை என்று கண்டு, திரும்ப ஊர்ந்து போனார், மூணாந்தடவ பயமா இருக்குதுன்னு சொன்னீன்னா காதுலயே வாங்க மாட்டேன், ஆமா சொல்லிப்போட்டேன் என்றார். கம்முனு உக்காரு, அசையாத. தொட்டியின் போல்ட் ஓட்டையும் சேசிஸ் ஓட்டையும் நேராகிறதா என்று பார்க்க ஓட்டையில் கண் வந்தது. வலப்பக்கம் ஒரு இஞ்சு என்றது கண். தள்ளினேன். போதும், அசையாத.

அசையவில்லை, கழுத்தை மட்டும் நிமிர்த்தி மேலே பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது, சங்கிலியின் நுனியில் இருந்த கொக்கி, காலையில் அதன் வாயில் ஒரு விரல்தான் நுழையும், இப்போது இரண்டு விரல் நுழையும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரும்பு, கொட்டாவி விடுகிற மாதிரி, மெதுவாக, சத்தமே இல்லாமல் திறக்கிறது, பாடியைக் கட்டித் தூக்கிய கம்பிவடம் அதன் நுனியை நோக்கி வழுக்குகிறது. எழுந்து கத்தினால் தொட்டி ஆடும், ஆடினால் கொக்கி விடும். ராயப்பண்ணனிடம் சொன்னால் பதறிப்போய்ச் சங்கிலியை இறக்குவார், இறக்கினால் அடியில் இவர். பயமா இருக்குதுங்க என்று இவரிடம் சொல்லலாம், அந்த வார்த்தையைத்தான் காலையிலேயே செலவழித்துவிட்டேனே. இந்த மனிதர் உடனே, பதறாமல், சந்தோஷமாக வெளியே வர வேண்டும், உலகத்தில் எதற்காக இவர் அப்படி வருவார், எதற்காக, எதற்காக, என்று மனசு வேகமாகத் துழாவுகிறது, என் வாய் தானாகச் சொல்கிறது, ஏனுங்க, எங்கய்யன் வந்துருக்காருங்க, கேட்டுப் பக்கத்துல நிக்கறாரு.

அய்யன் என்றால் என் அப்பா, வேலூரில், கோட்டை இருக்கிற வேலூர் இல்லை, எங்கள் பக்கத்து வேலூர், அங்கே காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார், பொங்கியண்ணன் என்று பேர், நான் வேற்றுச் சாதிக்காரரைச் சேலத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, எம்பட வாசல நீ மிதிக்காத, உன்ற வாசல நான் மிதிக்கல என்று சொன்னவர், நான்கு வருடமாகச் சொன்ன சொல்லில் நின்றவர். ஒவ்வொரு நோம்பிக்கும், பொங்கலோ தீபாவளியோ, இவர் கேட்பார், உங்கய்யன் வருவாரா புள்ள. வர மாட்டார் என்று எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும்.

ஓட்டையில் இருந்த கண் பெரிதானது. நெசமாவா, என்றது. பிறகு கண் இல்லை, ஓட்டையில் மண் தெரிகிறது, முதுகு தரையில் தேய்கிற சத்தம், கால் வெளியே வருகிறது, இடுப்பு வருகிறது, மேலே கொக்கி ஒரு விரல்கடை, தோள் வருகிறது, சாமி, தலை வரட்டும், தலை மட்டும் வரட்டும், தலை வந்தது, எழுந்து நின்று கிரீஸ் கையை லுங்கியில் துடைத்துச் சட்டைப் பொத்தானைத் தேடுகிறார், வாங்க மாமா என்று சொல்லிக்கொண்டே கேட்டுப் பக்கம் திரும்பப் போகிறார், வானம் உடைந்தது.

முழங்கால் ஒடிந்தது எனக்குத்தான். எலும்புக்குக் கட்டுப் போடுபவர் வந்து மூங்கில் பத்தை வைத்து இறுக்கும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கய்யன் எங்க புள்ள என்றார். போயிட்டாருங்க என்றேன், அது இரண்டாவது பொய். ராயப்பண்ணன் கேட்டுக்கு முதுகு காட்டி நின்றதால் மறுக்க ஆளில்லை. மக விழுந்தத பாத்து மனசு தாங்காம போயிருப்பாரு, பாவம், அவர் வந்ததாலதான் நான் பொழச்சேன் என்று இவர் தெருவெல்லாம் சொல்கிறார், எங்க மாமா கேட்டு வரைக்கும் வந்துட்டாரு, மளிகைக் கடையில் சொல்கிறார், டீக்கடையில் சொல்கிறார், அந்த முகத்தைப் பார்த்து, இல்லைங்க, யாரும் வரலீங்க என்று எப்படிச் சொல்வேன், நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருபது நாள் போனது.

விழுந்த பாடி அதிசயமாகச் சேசிஸில் உட்கார்ந்திருந்தது, எட்டு ஓட்டையில் ஏழு தானாகவே சேர்ந்திருந்தன, அந்தக் கண் தெரிந்த எட்டாவது மட்டும் சேரவில்லை, அதை அப்புறம் பார்க்கலாம் என்று ஏழு போல்ட்டோடு இவர் வண்டியை வெளியே எடுத்தார், ஓட்டம் பாக்கணும் புள்ள, வேலூருக்கே போவோம், உங்கய்யனக் கையோட கூட்டிட்டு வரலாம். கட்டுப் போட்ட காலை மடக்க முடியாததால் பின்தொட்டியில் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார். வழியெல்லாம் அந்த ஓட்டைக்குள் சாலை ஓடுகிறது, கறுப்பாக, நிற்காமல், நான் அதையே பார்க்கிறேன், நானா, நான் எப்போ வந்தேன் என்று அய்யன் கேட்கப் போகிறார், அந்த ஒரு வார்த்தையில் இந்த மனிதர் கொடிக்கால்காரர்கள் முன்னால் கோமாளியாக நிற்பார், இனி என் பேச்சை இந்த ஜென்மத்தில் நம்ப மாட்டார், கொக்கி திறந்துகொண்டே இருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரிகிறது, வண்டியை நிறுத்துங்க என்று தொட்டியைத் தட்டினேன், இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

அய்யன் கொட்டகை நிழலில் வெற்றிலையைக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார், நூறு இலைக்கு ஒரு கட்டு, தலை நிமிரவில்லை. இவர் வாசலை மிதிக்காமல் வெளியே நின்று, கைகூப்பி, மாமா, அன்னிக்குப் பட்டற வரைக்கும் வந்துட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போயிட்டீங்களே என்றார். அய்யனின் விரல் இலைமேல் நின்றது. இவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தை, அங்கே என்ன கண்டாரோ, கையிலிருந்த இலையைக் கவுளியில் வைத்தார். ஆமாங்க மாப்ள, என்றார் அய்யன், கடைசி பஸ்ஸு போயிருமேன்னு வந்துட்டனுங்க. பிறகு என்னிடம், அங்க ஏன் கம்முனு உக்காந்திருக்கே, எறங்கு சாமி.

இவர் மோர் குடிக்கிற நேரத்தில் அய்யன் என் பக்கத்தில் வந்து, வெற்றிலை மணக்கும் வாயால் காதோரம் கேட்கிறார், அன்னிக்கு நான் என்ன சட்ட போட்டிருந்தேன், சொல்லிப்போடு, நாளைக்கு மாப்ள கேட்டா முழிக்கக் கூடாதல்ல. வெள்ளச் சட்டைங்கய்யா என்றேன். எம்பட வெள்ளச் சட்ட கிழிஞ்சு ரெண்டு வருசமாச்சே புள்ள என்றார். அடுத்த நோம்பிக்குப் புது வெள்ளைச் சட்டையோடு எங்கள் கேட்டில் வந்து நின்றார், ஒறம்பரையாக, முறையான விருந்தாளியாக, கையில் இரண்டு கவுளியோடு, அன்னிக்குப் போட்டிருந்ததா புள்ள சொன்ன அதே சட்டைதான மாமா என்றார் இவர், அதேதானுங்க என்றார் அய்யன், நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

இருவரும் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன, நான் கடைசிவரை சொல்லவில்லை, அங்கே சந்தித்துப் பேசிக்கொண்டிருப்பார்களோ, தெரிந்திருக்குமோ என்று அதற்கும் இப்போது பயப்படுகிறேன். மத்தியானம் கண் அயர்ந்தால் தொட்டி தொங்குகிறது, மேலே கொக்கி வாய் திறக்கிறது, நான் அசையவில்லை, காலடி ஓட்டைக்குள் பார்க்கிறேன், கண் இல்லை, மண் இல்லை, சாலை இல்லை, தூரத்தில் ஒரு கேட்டு, அதன் பக்கத்தில் வெள்ளைச் சட்டைகள் இரண்டு, ஒன்றில் மட்டும் கிரீஸ் கறை, எறங்கு, எறங்கு என்று கை காட்டுகிறார்கள், இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, இறங்கவில்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று பிடித்துக்கொண்டிருந்தேன், சொல்லிவிட்டேன், நீங்கள் இனி அசையலாம் கண்ணுகளா, உங்கள் வீட்டில் தலைக்கு மேலே தொங்குகிறது எதுவாக இருந்தாலும் அதன் கொக்கி பிடித்தபடியே இருக்கட்டும், அடியில் படுத்தவர்கள் முழுசாக வெளியே வரட்டும், வர மாட்டேன் என்று போனவர்கள் உங்கள் கேட்டில் வந்து நிற்கட்டும், நன்றாக இருங்கள்.