கப்பலுக்கு முந்தின முகூர்த்தம்

"தாலி கட்டிகினு வந்தா கப்பல்ல ஏத்த மாட்டோம்னு சொல்றாங்களா, பாவா?"

"கப்பலுக்கு இன்னா வந்தது? பயம் எனக்குத்தான்."

"இன்னா பயம்?"

"ஒண்ணா ரெண்டா? கப்பல்ல வாந்தி எடுத்துகினே போவணுமாம். அங்க மாசக்கணக்கா வெயிலே கிடையாதாம். அவங்க பேசற இங்கிலீஷ் புரியுமோ புரியாதோ. பாஸ் பண்ணுவேனோ, பாதியில ஓடி வந்துடுவேனோ. இதுல உன்னையும் எங்க வூட்டுல கொண்டாந்து வுட்டுட்டுப் போனா, ராத்திரி புஸ்தகம் தொறந்தா உன் ஞாபகந்தான் வரும்."

"எனக்கும் ஒரு பயம் இருக்குது. அங்க உங்களுக்குச் சளி புடிச்சாக்கூட, 'வந்தவ ராசி'ன்னு உங்கம்மா என்னைத்தான் சொல்லுவாங்க. அப்ப நைனாகிட்ட வேணாம்னு சொல்றதுதானே?"

"ஆங், சொல்றேன்."

ஆனி மாதத்தில் கரும்புத் தோட்டத்து வரப்பில் மாமன் மகள் தாயம்மாளோடு நடந்த பேச்சு இது. சொல்கிறேன் என்று சொன்ன ராஜமாணிக்கம் கடைசிவரை சொல்லவே இல்லை. ஆவணியின் முதல் முகூர்த்த நாளில், திருத்தணி மலையடிவாரச் சத்திரத்தில் பட்டு வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பேச்சுதான் அவன் காதில் சுற்றிச் சுற்றி வந்தது.

கோயமுத்தூரில் விவசாயப் படிப்பை முடித்தவன் அவன். யுத்தம் ஓய்ந்த கையோடு சர்க்கார் செலவில் சீமைக்கு அனுப்பப் பொறுக்கியெடுத்த பிள்ளைகளில் அவனும் ஒருவன் என்று தெரிந்த அன்று, கனகம்மாசத்திரம் பக்கத்து அந்தச் சின்ன ஊரே அவன் வீட்டு வாசலில் நின்றது. சந்தோஷம் ஒரு வாரம்தான். அதற்குள் யாரோ ஒருத்தி, "ஒண்டிக்கட்டையா அனுப்பினா வெள்ளைக்காரிச்சிய இட்டுகினு வந்து நிப்பான், பாத்துக்க" என்று அவன் அம்மா கௌரியம்மாளின் காதில் போட்டுவிட்டாள். போட்ட விதை முளைக்காமல் இருக்குமா? அவன் நைனா துரைக்கண்ணு மைத்துனர் வரதராஜனைக் கூப்பிட்டுப் பேசினார். மைத்துனரின் மூத்த பெண் தாயம்மாள் பிறந்த நாளிலிருந்தே ராஜமாணிக்கத்துக்கு என்றுதான் பேச்சு. கப்பல் ஏறுமுன் கழுத்தில் தாலி ஏறவேண்டும் என்று முடிவாயிற்று.

பையனை யாரும் கேட்கவில்லை. நைனாவுக்கு எதிரே நின்று வாய் திறக்கும் பழக்கம் அவனுக்கும் இல்லை.

கௌரியம்மாளுக்கு மட்டும் மனசில் ஒரு முள் இருந்தது. பிள்ளைக்குச் சீமைப் படிப்பு கிடைத்தால் அவன் தலைமுடியைத் தருவதாகத் தணிகை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மொட்டையாக மணையில் உட்காரலாமா? திரும்பி வந்து கொடுக்கட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். அன்றுமுதல் விளக்கேற்றும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமிக்கு நேந்தத வெச்சிகினு கடல் தாண்டறானே, எப்பிடிப் பொறுப்பான்?" என்று, கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் புலம்பினாள்.

"ராஜா, இன்னும் கட்டலியா?" அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். தாயம்மாளின் அம்மா அவள். கேலிக்குக் குறைவில்லாத மனுஷி. "வேட்டியே உனக்குக் கட்டத் தெரியல. அங்க போயி அந்தக் கால்சட்டையை எப்பிடி மாட்டுவே?"

"பழகிக்கறேன் அத்தை."

"பழகு பழகு. பொண்ணுங்க ரெண்டும் குளத்துக்குக் குளிக்கப் போய் எவ்ளோ நேரமாச்சு? மூத்ததுக்குப் பின்னி, பூ தைக்கணும். தாழம்பூ வேற வாடிகினு இருக்குது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் யாரோ கையிலிருந்த பித்தளைத் தவலையைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. ராஜமாணிக்கம் பட்டு வேட்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினான்.

தாயம்மாள் நடுக்கூடத்தில் நின்றிருந்தாள். ஈரப் புடவை. முடி இல்லை. முழங்காலைத் தொட்ட அந்தக் கூந்தலில் ஓர் இழைகூட இல்லை. வழித்த தலையில் சந்தனம் மட்டும் பளபளத்தது. அவளுக்குப் பின்னால் தங்கை ஜெயம்மாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

ராஜமாணிக்கத்துக்கு முதலில் அது யார் என்றே புரியவில்லை. புரிந்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தாலியேறாத பெண் தலையில் கத்தி படுவதா? அந்தக் கோலத்தில் எந்தப் பெண்களைப் பார்த்திருக்கிறோம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் நினைவு வந்தது. அந்த வார்த்தையை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அடிப்பாவி! இன்னாடி பண்ணிகினு வந்து நிக்கறே?" அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள்.

"பாவாவுக்கு நேந்த முடிம்மா அது," என்றாள் தாயம்மாள். குரல் நடுங்கவில்லை. "சாமி கடனை வெச்சிகினு கடல் தாண்டக் கூடாதுன்னு கௌரி அத்தை நெதம் அழுதாங்க. மாப்பிள்ளை மொட்டை அடிக்கக் கூடாது. அதான் அவருக்குப் பதிலா நான் குடுத்துட்டேன்."

என்ன சொல்லித் திட்டுவது? முருகனுக்குக் கொடுத்ததைத் தப்பு என்று சொல்ல எந்த நாக்குக்குத் துணிச்சல் வரும்? கௌரியம்மாள் ஓடிவந்து அந்தச் சந்தனத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நன்றியா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அது வெறும் வேண்டுதல் அல்ல என்று ராஜமாணிக்கத்துக்கு மட்டும் தெரிந்தது. அவள் வரப்பில் கேட்ட கேள்வி இப்போது விளங்கியது. தன்னால் சொல்ல முடியாத ஒரு வாக்கியத்துக்காக அவள் தலைமுடியை இறக்கி வைத்துவிட்டாள். பூ முடிக்க இடமில்லாத தலையை எவரும் மணையில் உட்காரவைக்க மாட்டார்கள், கல்யாணம் நின்றுபோகும், பாவா நிம்மதியாகக் கப்பல் ஏறுவான். அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

ஆனால் நைனாவின் கணக்கு வேறு.

துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சாமி காரியம், அதைப்பத்தி நான் பேசல. ஆனா முகூர்த்தம் தப்பக் கூடாது. ரேஷன் காலத்துல அரிசிக்கு அலைஞ்சு, பந்தல் போட்டு, சனம் வந்து குந்திகினு இருக்குது. இன்னா வரதராஜா, உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது இல்ல? சின்னவளை உட்கார வை."

தேம்பிக்கொண்டிருந்த ஜெயம்மாள் நிறுத்திவிட்டு விழித்தாள். வரதராஜன் மூத்த பெண்ணைப் பார்த்தார், இளையவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மாமா சொன்னா சரிதான்," என்று முனகினார்.

ராஜமாணிக்கம் தாயம்மாளைப் பார்த்தான். இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றவள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டிருந்தது. இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. தன்னை விட்டுவிட்டு முகூர்த்தம் நடக்கும் என்று அந்தப் பைத்தியக்காரிக்குத் தோன்றவே இல்லை. கை தானாக மேலே போய், இல்லாத பின்னலைத் தேடிவிட்டு, வெறுமையில் நின்றது. கண்ணில் நீர் இல்லை. அடிபட்ட குழந்தை அழுவதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்குமே, அந்தப் பார்வை.

"அலங்காரம் பண்ணுங்க, போங்க," என்றார் துரைக்கண்ணு பெண்களிடம். பிறகு மகனைப் பார்த்து, "நீ இன்னாடா இன்னும் குந்திகினு இருக்கே? பட்டைக் கட்டு."

ராஜமாணிக்கம் எழுந்தான். சீமையில் புரியாத பாஷையில் பேசவேண்டிய பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

"நைனா."

"இன்னா?"

"எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம்."

துரைக்கண்ணுவின் கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. பிறந்து இருபத்துமூன்று வயதுவரை மகன் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. வரதராஜனும் அத்தையும் கௌரியம்மாளும் அவனையே பார்த்தார்கள். அவன் பார்வை மட்டும் தாயம்மாளிடம் போய் நின்றது. அவள் மூச்சை இன்னும் விடவில்லை.

"என்னைத் தனியாப் போவ வுடுங்க நைனா. ஆனி மாசமே கேட்டிருக்கணும், பயந்துகினு கேக்கல. படிச்சுட்டு வந்து இவளைத்தான் கட்டிக்குவேன், இவளுக்குச் சம்மதம்னா. அதுவரைக்கும், மாமா, உங்க கால்ல விழுந்து கேக்கறேன், தாயம்மாளை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."