ஆல்பினாவின் இடுப்பில் குடியிருந்தவர்கள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். யார் கையிலிருந்து கிருமி ஒட்டி, நோயாளியின் துணுக்கைப் போட்டு வளர்க்கும் தட்டு கெட்டுப்போகிறதோ, அவர் எல்லோருக்கும் புரெக் என்ற அடுக்குப் பணியாரம் வாங்கித் தர வேண்டும். லுப்லியானா ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், கேட்காமலே பாலாடைக்கட்டி புரெக்கைத் துண்டு போட ஆரம்பித்துவிடுவார். எனக்கு நிறையப் பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறார். நான் நுண்ணுயிரியலில் முதல் வகுப்பு. கல்யாணம்கூட ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆல்பினா பிர்ட்ஸ் என்ற அம்மாளுக்காக நான் போட்டிருந்த தட்டுகளில் மிகச் சிறிய வெண்புள்ளிகள் தெரிந்தன. அவருடைய செயற்கை இடுப்பு மூட்டு தளர்ந்துபோய், அதை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. வெறும் தேய்மானம் என்றார் அறுவை மருத்துவர் ஹ்ரோவாத். ஆனாலும் முறைப்படி மூட்டைச் சுற்றி ஐந்து இடங்களில் சதைத் துணுக்கு எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்.

புள்ளிகள் எந்தக் கிருமி என்று பார்த்ததுமே ஊகித்தேன். மனிதத் தோலில் சாதுவாக வாழ்வது. உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் மட்டும், காய்ச்சலைக்கூடக் கிளப்பாமல் வருடக்கணக்கில் மூட்டைத் தளர்த்தும். தட்டில் தலைகாட்டவே இரண்டு வாரம் ஆகலாம். அவ்வளவு கூச்சம். எனக்கு அதைப் பிடிக்கும்.

ஆனால் என் தோலிலும் அதுதான் இருக்கிறது. எனவே தவறு என்னுடையது. மேற்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது? புரெக் வாங்கப் போனேன்.

"ஏண்டி நேஷா, அந்தக் கடையில உனக்குப் பங்கு இருக்கா?" என்றாள் பக்கத்து மேசை உர்ஷ்கா, வாய் நிறைய.

"பிர்ட்ஸ் அம்மாவோட தட்டு. என் கையாத்தான் இருக்கும்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "இடுப்பு கேஸா?"

"ஆமா. நான் போட்ட ரெண்டு துணுக்குலயும் புள்ளி."

உர்ஷ்கா கையைத் துடைத்துக்கொண்டாள். மிக மெதுவாக. "நான் போட்ட மூணுலயும் வந்திருக்குடி."

"எப்ப?"

"நேத்து. சொன்னா நீங்கல்லாம் வருஷம் பூரா ஓட்டுவீங்க. அதான் பின்னால தள்ளி வச்சேன்."

நான் பழியை ஏற்றுக்கொண்டேன், அவள் பழியை ஒளித்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நோயைக் குப்பையில் போடப் பார்த்திருக்கிறோம்.

ஐந்தையும் கிருமியை இனம் காட்டும் எந்திரத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே கிருமி. அவற்றைப் போட்ட அன்று நாங்கள் கையாண்ட மற்ற நோயாளிகளின் தட்டுகள் எல்லாம் சுத்தம்.

"நாம அவ்வளவு அழுக்கு இல்லடி," என்றாள் உர்ஷ்கா.

ஆல்பினாவோ மருந்தெல்லாம் நிறுத்தி, உடற்பயிற்சிக்காக வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய்விட்டார். உடனே சிகிச்சை தொடங்காவிட்டால் புது மூட்டும் தளரும். மறுபடி கத்தி. அந்த எலும்பு இன்னொரு தடவை தாங்குமா என்பது சந்தேகம்.

"ஹ்ரோவாத்துக்கு நீயே போன் பண்ணு," என்றாள் உர்ஷ்கா. "எனக்குப் பேச மூஞ்சி இல்ல."

எனக்கு மூஞ்சி இருந்தது. குரல்தான் இல்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்து ஒத்திகை பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினேன்.

"சத்தமாப் பேசும்மா," என்றார் ஹ்ரோவாத். "கிணத்துக்குள்ள இருந்தா பேசுற?"

சொன்னேன்.

"அட, அது தோல் கிருமி. உங்க ஆள் யாரோ கையை வச்சிருப்பாங்க."

எவ்வளவு நியாயமான விளக்கம்! என்னில் முக்கால்வாசி அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு டாக்டர். எனக்கு எப்பவும் அப்படித்தான் தோணும். ஆனா ரெண்டு பேர் தனித்தனியா போட்டது. அஞ்சுலயும் ஒண்ணுதான். இது அந்தம்மா இடுப்புலருந்து வந்தது."

மறுமுனையில் அவர் கோப்பைப் புரட்டுவது கேட்டது.

"நிச்சயமா?"

'ஒருவேளை' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நிச்சயமா."

"வலிக்குதுன்னு அந்தம்மா சொல்லிட்டே இருந்தாங்க," என்றார் அவர். "நான் எக்ஸ்ரேவையே பாத்துட்டிருந்தேன். சரி, இப்பவே கூப்பிடுறேன்."

திங்கட்கிழமை, ஊன்றுகோல்களோடு ஒரு அம்மாள் ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

"என் இடுப்புல குடியிருந்தவங்க இங்கதான் இருக்காங்களாமே. பாக்கணும்."

மூடி ஒட்டிய தட்டைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பிடித்துக் காட்டினேன்.

"இத்துணூண்டா?" ஆல்பினா கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினார். "மூணு வருஷமா என் மருமகன், வலி எல்லாம் உங்க மண்டையிலதான்னு சொல்லிட்டிருந்தான். ஆட்டாம பிடிம்மா, போட்டோ எடுக்கணும்."

 தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"குணமாயிடுமா?"

"மூணு மாசம் மாத்திரை. பெரும்பாலும் சரியாகும். உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

அவர் கண்ணைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார்.

"இன்னும் கிட்டக் கொண்டு வா," என்றார். "மருமகனுக்குக் கண்ணு வேற சரியில்ல."