முதல் பக்கத்து இரண்டு படங்கள்

டார்லீன் குபிசெக்குக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. டாலஸுக்கு வடக்கே ஒரு சிப் கம்பெனியில், சிப் வாங்கினவர்கள் போனில் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, தப்பு எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்வது. அத்தனை வருஷத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்த மாதிரி கோபம் அவளுக்கு வந்ததில்லை.

விற்பனைத் தலைவன் கிரேடி டாலிவர் ஒரு கடிதத்தை அவனே எழுதி அவளிடம் அனுப்பியிருந்தான். அவள் கையெழுத்துதான் பாக்கி. மினசோட்டாவில் மருந்து ஏற்றும் பம்பு செய்கிற சின்னக் கம்பெனியின் எஞ்சினியர் ஆர்லன் லிண்டாலுக்கு அது. 'சிப்பில் குறை இல்லை, தவறு உங்கள் பக்கத்தில்தான்' என்று எழுதியிருந்தது. அது போய்ச் சேர்ந்த அன்றைக்கே லிண்டாலுக்கு வேலை போய்விடும். அவரே போனில் சொன்னார், அழாத குறையாக.

பன்னிரண்டு வோல்ட்டை மூன்று வோல்ட்டாக இறக்கித் தருவது அந்தச் சிப்பின் வேலை. பம்பு சும்மா இருக்கும்போது சிப் தருகிற மின்னழுத்தம் குதிக்கிறது, சிப்பைப் பொருத்திய போர்டு கீச்சிடுகிறது என்பது லிண்டாலின் புகார். டார்லீனும் முதலில் சிரித்தவள்தான். அளக்கிற முனையின் தரை வயர் நீளமாக இருந்தால் ஊர்ச் சத்தமெல்லாம் அதில் ஏறிவிடும். இந்தத் தொழிலில் யார் புகார் சொன்னாலும் முதல் கேலி அதுதான். வயரில் ரேடியோ கேட்கிறீர்களா என்று அவளும் கேட்டாள். மனுஷர் வயரைக் கழற்றிவிட்டு, நகத்தளவு சுருள் கம்பி வைத்து அளந்து, போட்டோ அனுப்பினார். குதிப்பு அப்படியே இருந்தது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

அப்புறம்தான் சொந்தக் கம்பெனியின் விவரக் குறிப்பை எடுத்தாள். முதல் பக்கத்தில் இரண்டு படங்கள். சுமை, அதாவது பம்பு இழுக்கிற மின்சாரம், குறைந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறு மின்சாரம் வீணாகாமல் சேர்கிறது என்றது ஒன்று. அதே சுமையில் அழுத்தம் துளிகூடக் குதிக்காது என்றது இன்னொன்று. இரண்டும் உண்மை, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. சிப்பின் கம்பிக் கால்களில் ஒன்றைத் தரை வயரோடு இணைத்தால், சுமை குறைந்ததும் அது தூங்கித் தூங்கி விழிக்கும். மின்சாரம் மிச்சம், அழுத்தம் குதிக்கும். அதே காலை மேலே, மின்சாரம் வருகிற பக்கம் இணைத்தால் ஓயாமல் துடிக்கும். குதிக்காது, மின்சாரத்தைத் தின்று தீர்க்கும். முதல் படம் தூங்குகிற சிப்பை அளந்தது, இரண்டாவது விழித்திருக்கிற சிப்பை. ஒரு அடிக்குறிப்பு கிடையாது. லிண்டால் இதை நம்பினார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பத்து மணிக் கூட்டத்தில் பழம் வைத்த கொலாச்சி பன் பெட்டி திறந்திருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா மேடம்?" என்றான் கிரேடி, வாயில் பன்னோடு.

டார்லீன் இரண்டு படங்களின் கதையைச் சொன்னாள். அவன் அசரவில்லை.

"எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. மேல 'டிபிகல்'னு எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாதவனுக்கு நாம என்ன பண்றது?"

டிபிகல்! வழக்கமாக இப்படி இருக்கும், உனக்கு இல்லையென்றால் நாங்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் விற்கிறார்கள் இந்தப் பாவிகள்.

அவள் ஒரு போர்டை மேஜையில் வைத்து, மின்சாரம் கொடுத்து, சுமையைக் குறைத்தாள். போர்டு கொசு மாதிரி கீச்சிட ஆரம்பித்தது. மென்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கிரேடிக்கு ஒரே சந்தோஷம்.

"லிண்டாலோடதா? சொன்னேன்ல. இந்தக் கண்றாவியை வரைஞ்சவனை வேலையை விட்டுத் தூக்கினா என்ன தப்பு?"

"திருப்பிப் பாரு."

திருப்பினான். பின்பக்கம் கம்பெனியின் சொந்த முத்திரை. இதைப் பார்த்து வரையுங்கள் என்று கண்காட்சிகளில் அவனே கையில் திணிக்கிற மாதிரிப் போர்டு அது.

டார்லீன் சின்ன இணைப்பைக் கழற்றி அந்தக் காலை மேலே மாட்டினாள். கீச்சு நின்றது. மீட்டரில் நூற்றுக்கு நாற்பத்தொன்று என்று தெரிந்தது.

"இப்ப அமைதியா இருக்கு. ஆனா தொண்ணூறு போயிடுச்சு. ரெண்டுல எது வேணும், சொல்லு."

அவள் கடிதத்தை எடுத்தாள். 'சிப்பில் குறை இல்லை' என்பதையும் 'உங்கள்' என்பதையும் அடித்தாள், மேலே இரண்டு வார்த்தை எழுதினாள், கீழே கையெழுத்துப் போட்டாள். அங்கேயே போட்டோ பிடித்து லிண்டாலுக்கு அனுப்பிவிட்டுத் தாளைக் கிரேடி பக்கம் தள்ளினாள்.

"கேட்டியே, இந்தா."

தவறு எங்கள் முதல் பக்கத்தில்தான் என்று இருந்தது.