நகராத லாரிகள்

செயற்கைக்கோள்கள் வானத்திலிருந்து எடுத்த படங்களை இறக்கி, துப்புரவாக்கி, சுவர் அளவுக்கு அச்சடித்துக் கொடுக்கும் கடையில் அவனுக்கு வேலை. ஆறு, பாலைவனம், பனிமலை என்று எது கேட்டாலும் இலவச இணையத் தளங்களில் தேடி எடுத்துவிடுவான். ஓசியில் கிடைப்பதற்கு இவ்வளவு அலட்டலா என்று அக்கா வீட்டுக்காரர் அவனுக்கு 'வானத்தார்' என்று பெயர் வைத்திருந்தார். அவனுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. தலைக்கனத்துக்குக் கேட்பானேன்!

அந்தத் தலைக்கனத்தில்தான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தான். அவள் வீடு சுரங்கத்துக்குக் கீழே, சரிவில் இருந்தது. மேலே சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்த பெரிய குட்டை. அதற்குக் காவல் வெறும் மண்கரை. மழை பிடித்ததும் தெருவே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரையைப் பார்க்கப் போனவர்களைச் சுரங்கத்துக்காரர்கள் வாசலோடு விரட்டிவிட்டார்கள். அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். தெருவில் பாதிப் பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

"நீ மேலருந்து பாத்துச் சொல்லேன்டா. குட்டை ஏறுதா இல்லையான்னு."

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா? நான் பாத்துக்கறேன், நீ கவலைய விடு."

கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தான், பாவம். வாராவாரம் தளத்தைத் திறப்பான். மேகம் விழுந்த படத்தைக் கடையில் எவனும் வாங்கமாட்டான் என்பதால், மேகமில்லாத படங்களை மட்டும் காட்டும்படி தேடலை எப்போதோ அமைத்து வைத்திருந்தான். முதலில் வரும் படத்தை இறக்குவான். கடை வழக்கப்படி, இறக்கிய நாளின் தேதியையே அதற்குப் பெயராக வைத்துச் சேமிப்பான். குட்டை அதே அளவில் இருக்கும். கரையும் அதே கோடாக இருக்கும்.

"அப்படியேதான் இருக்குக்கா. ஒரு சொட்டுகூட ஏறல."

இதையே திரும்பத் திரும்பக் கேட்டு மனம் தேறிய அக்கா வீடு திரும்பினாள். அவளைப் பார்த்துத் தெருவும் திரும்பியது. என் தம்பி மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று அவள் வீடு வீடாகச் சொல்லியிருந்தாள்.

இன்று மதியம் அவள் போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "மழை ஆரம்பிச்சதுலருந்து குட்டை ரோட்டுல ஒரு லாரி கிடையாதுடா. சத்தமில்லாம புள்ளைங்க நல்லாத் தூங்குதுங்க."

போனை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முந்தின நாள் இறக்கிய படம் எதிரே திறந்திருந்தது. குட்டைக்குப் போகும் சாலையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக நின்றன. லாரிகள்! அதற்கு முந்தின வாரத்துப் படத்தைத் திறந்தான். அதே இடத்தில் அதே லாரிகள். அதற்கும் முந்தினதிலும் ஒன்றுகூட இம்மியும் நகரவில்லை.

தளத்துக்குப் போய்ப் படம் எடுத்த தேதியைப் பார்த்தான். மழைக்கு முன்னால் எடுத்தது. அதன்பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் மேகம் இருந்ததால், தளம் அவனுக்கு ஒரே படத்தைத்தான் வாராவாரம் நீட்டியிருக்கிறது. தான் எழுதிய தேதியைத் தானே நம்பிய மடையன்!

தேடலை மாற்றினான். திரை முழுக்கச் சாம்பல் நிறம் வந்து குவிந்தது. ஆகக் கடைசிப் படத்தில் மட்டும் மேகம் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. உள்ளே சேறு கரையின் விளிம்பைத் தொட்டு நின்றது. கரைக்கு வெளியே, வீடுகளை நோக்கி, ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது.

உடனே அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, புள்ளைங்களத் தூக்கிட்டு வெளிய வா! பக்கத்து மேட்டுக்கு ஓடு! எல்லாரையும் கூப்பிடு!"

"என்னடா ஒளர்ற? நேத்துதானே அப்படியே இருக்குன்ன?"

"அது பழைய படம்க்கா. நான் தப்புப் பண்ணிட்டேன். கெளம்புக்கா!"

"இரு, நீ சொல்றது சரியாக் கேக்கல. மேல என்னமோ உறுமுது." அவள் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள். "ஒண்ணுமில்லடா, லாரிங்க மறுபடி ஓட ஆரம்பிச்சிருச்சு போல. நெறைய வருது."

அவன் கத்தக் கத்த, போனுக்குள் அந்தச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.